கண்டனூர் சுவரில் ஒரு முட்டைக்கூடு

பெயிண்ட் கடை சொக்கு அண்ணன் போயிட்டார்...

நேற்று காலை கடை ஷட்டரைத் தூக்கினவர் அப்படியே படியில் உட்கார்ந்திருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலமே எடுத்துட்டோம்.

இன்னும் நம்ப முடியல. போன ஞாயிறுகூட எங்களோட பூச்சி தேட வந்தார்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மார்கழி ஞாயிறுகளில் காரைக்குடியில் நாங்க நாலஞ்சு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் பூச்சி தேடப் போவோம். பனிக்காலத்தில் எது எங்கே ஒளிஞ்சிருக்குன்னு போட்டோ எடுத்து போன் ஆப்பில் ஏத்துவோம், ஆராய்ச்சி பண்றவங்க எடுத்துக்குவாங்க. ஒரே விதி... எதையும் தொடக் கூடாது.

அண்ணன் வந்தது மகள் கயலுக்காக. மனுஷனுக்குக் கரப்பான்னாலே ஆகாது. முதல் நாள் ஒரு மரப்பட்டை இடுக்கில் டார்ச் அடிச்சதும் ஒண்ணு ஓடுச்சு பாருங்க... என் ஸ்கூட்டர் மேல ஏறி நின்னுட்டார். "சிரிக்காதீக தம்பி, அது பறக்கும்!"

அப்புறம் கண்டனூர். வருஷம் பூரா பூட்டியே கிடக்கிற ஒரு பெரிய வீடு, தையில் கல்யாணம்னு திறந்திருந்தாங்க. பின்கட்டுச் சுவரில் பழுப்பா ஏதோ ஒட்டியிருந்தது. "எவனோ விரிசல் அடைக்கிற ஃபோம் அடிச்சு மிச்சத்தை அப்பிட்டுப் போயிருக்கான்"னு அண்ணன் நகத்தால சுரண்டப் போயிட்டார். கடைக்காரர் கண்ணுல்ல! "அப்பா, தொடாதீங்க!"ன்னு கயல் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்னுச்சு.

அது கும்பிடுபூச்சியோட முட்டைக்கூடு.

அதுக்கப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியல. கடைக்கு யார் வந்தாலும் போனை நீட்டிக் காட்டுவார். பனி போய் வெயில் ஏறினா குஞ்சு பொரிக்கும்னு கயல் சொல்லியிருந்தா. "அதுக வெளிய வர்றப்ப நாம ரெண்டு பேரும் அங்குட்டு நிக்கணும் ஆத்தா"ன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டுக்குப் பெயிண்ட் போனதும் அண்ணன் கடையிலிருந்துதான். கூட்டைச் சுத்திப் பென்சிலால் வட்டம் போட்டு, பெயிண்டர் முருகேசனிடம் கெஞ்சாத குறை. "இந்த உள்ளங்கை அளவு மட்டும் விட்ருங்கய்யா. வீட்டுக்காரவுககிட்ட நான் பேசிக்கிறேன்." முருகேசனும் விட்டுத்தான் வச்சிருந்தார்.

நேற்று எல்லாம் முடிஞ்சு அண்ணன் வீட்டுக்குத் திரும்பினோம். கயல் என்கிட்ட வந்தா. அழல. "மாமா, ஞாயித்துக்கிழமை கண்டனூர் போவோம்ல?"

போவோம்னு சொல்லிட்டேன்.

மனசு கேக்காம இன்னைக்குக் காலையில நான் மட்டும் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளை. வட்டம் இருந்த இடத்தில் சின்னதா ஒரு புடைப்பு.

முருகேசன் நேற்று அண்ணன் சாவுக்கு வந்துட்டார். அவருக்குப் பதிலா வேலைக்கு நின்னவர் விஷயத்தைக் கேட்டுட்டுச் சொன்னார். "யாரும் எங்கிட்டச் சொல்லலைண்ணே... நல்லா வரணும்னு ரெண்டு கோட்டிங் குடுத்தேன்."

அவரை என்னன்னு திட்டுறது?

சுரண்டினா கூடு உடைஞ்சிரும். விட்டுட்டா குஞ்சுகளால வெளிய வர முடியுமான்னு தெரியல. எங்க பூச்சி குரூப்பில் கேட்டிருக்கேன்... யாருக்கும் தெரியல. கை சுவர் வரைக்கும் போச்சு, எடுத்துட்டேன்.

அண்ணே... ஸ்கூட்டர் மேல நின்ன மாதிரியே கண்ணுக்குள்ள இருக்கீக. போயிட்டு வாங்க.

ஞாயிறு காலையில கயல் ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பா.