ஒரு அரியர்கூட இல்லாத அப்பா

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் ஆட்டோவில்தான் வந்து இறங்கியது. ஓட்டிக்கொண்டு வந்தவர் அப்பா.

அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில், அடையாற்றை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு ஒரு பெரிய இன்ஜினியரிங் காலேஜின் வாசலில் இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து மாணவர்களும் லெக்சரர்களும் அவருடைய பின்சீட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு பையன் தன் மொத்தப் படிப்பையும் பக்கத்தில் இருப்பவனிடம் புலம்பித் தீர்த்துவிடுவான். அப்பாவுக்குக் கண் ரோட்டில் இருந்தாலும் காது பின்சீட்டில்தான் இருக்கும். புரியாததை வெட்கப்படாமல் கேட்டுவிடுவார். “இன்னா தம்பி, இன்டர்னல்னா வேற, செமஸ்டர்னா வேறயா?” என்று அவர் ஆரம்பித்தால் இறங்குகிற இடம் வரும்வரை பாடம் நடக்கும். சவாரிக்குச் சவாரி வாத்தியார் மாறுவார், மாணவர் மட்டும் அவர் ஒருவர்தான்.

பரீட்சை நாட்களில் ஆட்டோவின் முன்பெட்டியில் நாலு நீலப் பேனா வைத்திருப்பார், மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக. ஒரு தடவை சீட்டில் ஒரு பெண் விட்டுப்போன ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பரீட்சை நடக்கும் கட்டிடம் வரைக்கும் ஓடினாராம். போட்டோவை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது மணி அடிக்க ஒரு நிமிஷம் பாக்கி. அந்தக் கதையை நான் தினமும் கேட்டாலும் அவர் சலிக்காமல் சொல்வார். நானும் சலிக்காமல் கேட்பேன்.

பகலெல்லாம் சேர்த்த வார்த்தைகளைச் சாயங்காலம் வீட்டில் செலவழிப்பார். நான் விளையாடிவிட்டு இருட்டியபின் வந்தால், “அட்டண்டன்ஸ் எழுவத்தஞ்சுக்குக் கீழ போய்க்கினுகீது. டிபார் பண்ணிடுவேன்” என்பார். அம்மா வைத்த சாம்பாரை இரண்டாம் தடவை கேட்பதற்குப் பெயர் ரீவேல்யூவேஷன். எங்கே போயிருந்தாய் என்று அம்மா அவரை முறைத்தால், “ஓ.டி.ல போயிருந்தேன்” என்று பதில் வரும். காலேஜ் வேலையாக வெளியே போனால் வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்காம். அம்மாவிடம் அந்தச் சட்டம் செல்லாது. அப்பாவுக்குப் பெருமை தலைக்கேறும் நாட்களில் மார்பில் தட்டிக்கொண்டு சொல்வார்: “ஒரு அரியர்கூட வெச்சது கெடையாது உங்கப்பன். ஆல் கிளியர்!” பெயிலான பேப்பரை அல்ல, பால்காரர் பாக்கியையும் கரண்ட் பில்லையும்தான் சொன்னார். எனக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே எங்கள் அப்பா இன்ஜினியரிங் படித்தவர் என்று நான் நம்பினேன். நாலாம் வகுப்பு படிப்பவளுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆட்டோ ஓட்டுவது அந்த நம்பிக்கைக்கு இடைஞ்சலாகவும் இல்லை. இன்ஜினை அவரே கழற்றி மாட்டுவார், அதற்குத்தானே இன்ஜினியரிங்? பக்கத்து வீடுகளில் பெயின்டர் அப்பா உண்டு, மீன் விற்கும் அப்பா உண்டு. வைவா என்றால் என்ன என்று அவர்களில் யாரிடம் கேட்டாலும் முழிப்பார்கள். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவர்கள் எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “மேத்ஸ ரெண்டால வகு, பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் நாலால வகு, அதான் கட் ஆஃப்” என்று ஆரம்பித்துக் கவுன்சிலிங், ரேங்க் லிஸ்ட் என்று போவார். பையன்கள் கை கட்டிக்கொண்டு நிற்பார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும் எனக்குக் கால் தரையில் பாவாது.

அந்த வருஷம் பிளஸ் டூ முடித்தது எங்கள் அக்கா. நல்ல மார்க். இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிடும் என்று அப்பா கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் சேர வேண்டுமானால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாலுக்கா ஆபீஸில் கொடுக்கும் கடிதம் அது. அது இருந்தால் ஃபீஸில் பெரும்பகுதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் சீட் கிடைத்தும் அக்கா வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. “ஆபீஸ்லேருந்து ஒருத்தர் நம்ம குடும்பத்தப் பத்தி விசாரிக்க வருவாரு. வூட்ல நீ இருந்தா மரியாதையா பேசு. நல்லவிதமா சொல்லு.”

நல்லவிதமாகச் சொல்ல எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

அவர் வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அம்மா ராஜா அண்ணாமலைபுரத்தில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். அக்கா மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து மாங்காய்க் கீற்றுக்கு மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டிருந்த என் முன்னால் ஹெல்மெட்டும் கையுமாக, கக்கத்தில் ஒரு ஃபைலுடன் வந்து நின்றார். நல்ல மனுஷர். வெயிலில் வந்தவருக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும், “சமத்து” என்று சொல்லிவிட்டு அப்பா என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார்.

“காலேஜ்” என்றேன். “இன்ஜினியரிங்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “எந்த காலேஜ் பாப்பா?”

நான் திசையைக் காட்டினேன். “அந்தப் பெரிய காலேஜ். இப்பகூட அங்கதான் கீறாரு. டெய்லி போவாரு.” அவர் நம்பாத மாதிரி தெரிந்தது. விடுவேனா? இன்டர்னல், செமஸ்டர், லேப் ரெக்கார்டு, வைவா என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, கடைசியாக என்னிடம் இருந்ததிலேயே பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டேன். “ஒரு அரியர்கூட இல்ல சார் அவருக்கு. ஆல் கிளியர்.”

அவர் ஃபைலை மூடினார். செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டார்.

பத்து நிமிஷத்தில் அப்பா காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். அதற்குள் படிக்கட்டுப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று கீழ் வீட்டு அத்தை அப்பாவுக்குச் சிபாரிசு பண்ணினார். “அவரு தெரியாதது ஒண்ணுமே கெடையாது சார். எங்க பையன் காலேஜ் சேந்ததே அவரு சொல்லித்தான்.” பெயின்டர் மாமாவும் ஆமாம் போட்டார். ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் அந்த மனுஷரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

“பொய் டிக்ளரேஷன் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார் அப்பாவிடம். “பொண்ணு அட்மிஷனே கேன்சல் ஆகும். உங்க சின்னப் பொண்ணு எல்லாம் சொல்லிடுச்சு. உண்மையைச் சொல்லுங்க. என்ன படிச்சீங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பயந்திருப்பேன். அது கோபம் இல்லை. என்னை உள்ளே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“மூணாங்கிளாஸ் சார்” என்றார். “மூணாவது பாதியில நின்னுட்டேன்.”

“அப்புறம் இந்த செமஸ்டர், வைவா எல்லாம்?”

“அல்லாம் ஆட்டோல வர்ற பசங்க பேசிக்கினு வர்றதுதான் சார். காதுல வாங்கினது. எழுத்துல பாத்தது இல்ல.”

அவர் நம்பவில்லை. ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அக்காவின் காலேஜ் விண்ணப்பத்தோடு வந்த விவரத்தாள், முழுக்க இங்கிலீஷ். “இதைப் படிங்க பார்ப்போம்” என்று நீட்டினார்.

அப்பா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் மேலே போனார். சும்மா புரட்டிவிட்டுக் கொடுக்கவில்லை, வெகு நேரம் பார்த்தார். கட் ஆஃப் கேட்டுக் கை கட்டி நின்ற பையன்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்து அப்பா அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றது அன்றுதான்.

“தெரியல சார்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த மனுஷரின் முகம் இளகிவிட்டது. ஃபைலில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா தன் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். போகும்போது அவர் என் தலையில் தட்டி, “உங்க அக்காவுக்கு சர்டிபிகேட் வந்துடும் பாப்பா. நீ கொஞ்சம் கம்மியா பேசு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. அப்பா என்னை ஆட்டோவில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். அடையாறு சிக்னலில் நிற்கும்போதுதான் அந்தச் சான்றிதழ் எதற்கு, வீட்டில் பட்டதாரி இருந்தால் அது ஏன் கிடைக்காது என்றெல்லாம் எனக்கு விளக்கினார். திட்டவே இல்லை. எவ்வளவு பெரிய காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேன் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவிலேயே சட்டென்று எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் காதருகில் போய்க் கேட்டேன். “அப்போ அக்காவுக்காகத்தான் அந்த சார்கிட்ட பொய் சொன்னியாப்பா? படிக்கத் தெரியலன்னு?”

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“ஆமா கண்ணு” என்றார். “யார்கிட்டயும் சொல்லாத.”

சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சான்றிதழ் வந்தது, அக்கா கவுன்சிலிங்குக்குப் போனாள், சேர்ந்தாள், முதல் செமஸ்டர் அரியர் இல்லாமல் முடித்தாள். அந்த ரகசியத்தை நான் பல வருஷம் பத்திரமாகக் காப்பாற்றினேன். இன்ஜினியரிங் படித்த ஒருவர் மகளுக்காக, ஊரே பார்க்க, படிக்காதவராக நின்றாரே என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போவேன். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாரே, என்ன நடிப்பு! ஏமாந்துபோன அந்த ஆபீஸ் மனுஷர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது.

எல்லாவற்றையும்விட, தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற அந்த நீண்ட நேரத்தைத்தான் நான் மிகவும் மெச்சினேன். அந்தத் தாளில் அட்மிஷன் என்ற வார்த்தை இருந்தது, கவுன்சிலிங் இருந்தது, செமஸ்டரும் இருந்தது. இத்தனை வருஷம் தன் வாயில் புழங்கிய வார்த்தைகளில் ஒன்றாவது கண்ணுக்கு அகப்படுகிறதா என்று அப்பா நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.