வியாழக்கிழமைக் கோர்ட்டு

“எம் புள்ளைய முட்டி வரைக்கும் சேத்துல எறக்கி வரப்பு போட வச்சிருக்காங்கக்கா. தீர்ப்பு சொன்னது யாரு? எங்க நெலத்துல கூலிக்கு வர்றவன் பொண்ணு. அவ வண்டி மேல, எம் புள்ள தரையில. இன்னா நாயம் இது?”

எதிர்வீட்டுத் தனபாக்கியம் இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் கோர்ட்டு நடத்துகிறவளுக்குப் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் கிடையாது. பெற்றவர்கள்தான் வாசலில் வந்து நிற்பார்கள். ஊருக்கு நல்லது செய்யும் வியாதி உங்களுக்கும் இருந்தால், எனக்குத் துணையாக இதைப் படியுங்கள்.

புதுச்சேரி கொன்வென்டில் கன்னியாஸ்திரி மாசேர்களிடம் நாலெழுத்துப் படித்துவிட்டுப் பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். அந்தப் பாவத்துக்கு, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கிள்ளினாலும் வழக்கு என் அடுப்படிக்கு வந்துவிடும். குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம். ஒரு வியாழக்கிழமை, பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும் நாளில், எல்லாரையும் எங்கள் வண்டிக் கொட்டகையில் கூட்டி, இனி உங்கள் சண்டையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தீர்ப்புச் சொல்பவர் மாடு அவிழ்த்த வண்டியின் மேல் உட்கார வேண்டும், மற்றவர்கள் தரையில்.

இதையெல்லாம் தனபாக்கியத்துக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. “வர்ற வியாழக்கிழமை எங்க வூட்டுக்காரரே வருவாரு. அஞ்சலை வண்டிய வுட்டு எறங்கணும். இல்லன்னா ஒரு வூட்டுப் புள்ளையும் உங்க கொட்டகைக்கு வராது, பாத்துக்குங்க.”

கப்பல் ஏற்றுவது

அஞ்சலை எப்படி வண்டி ஏறினாள் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வழக்கு, கொய்யா திருடிய சின்னான். வண்டி மேல் உட்காரப் பத்துப் பேர் அடித்துக்கொண்டார்கள். ஏறியவன் ஒருவன், பெரிய கோர்ட்டில் கொலைகாரனுக்குச் சொல்வதை எங்கேயோ கேட்டிருக்கிறான், சின்னானைக் கப்பல் ஏற்றிக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பும்படி தீர்ப்புச் சொன்னான். கப்பலுக்கு எங்கே போவது என்று யோசனை நடந்தது. கடலோரம் பனித்திட்டில் மாமன் கட்டுமரம் வைத்திருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம் என்றது ஒரு குட்டி. சின்னான் அழவே ஆரம்பித்துவிட்டான்.

கொட்டகை ஓரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன அஞ்சலை நின்று, கொய்யா தின்னவன் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும், கடலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டாள். பிள்ளைகள் அவளைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நான் ஏற்றவில்லை, ஏற்றியிருந்தால் இந்நேரம் அந்தப் பெருமையையும் அடித்துக்கொண்டிருப்பேன். சின்னான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான். அன்றையிலிருந்து எங்கள் கோர்ட்டுக்கு அதுதான் சட்டம்: “சொல்றது சுளுவு. சொன்னவளும் கூட வந்து கொடம் தூக்கட்டும்.”

வரப்புக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் ஒரு வசதி உண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மண். பம்பரத்தால் தங்கச்சி மண்டையை உடைத்த ஆறுமுகம், கூப்பிட்டு ஆள் அனுப்பியதும் ஒரே ஓட்டமாக ஓடி வரப்பைத் தாண்டி நின்றுகொண்டான். உங்கள் கோர்ட்டு இங்கே செல்லாது என்று கையை ஆட்டிக் காட்டினான். சாராயம் கடத்துகிறவர்கள் செய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறெப்படி இருக்கும்.

நான் இரண்டு எட்டில் போய்க் காதைத் திருகி இழுத்து வந்திருப்பேன். அஞ்சலை விடவில்லை. கோர்ட்டையே வரப்போரமாக மாற்றினாள். என் வீட்டு வள்ளிக்கிழங்கை அங்கேயே வேக வைத்தாள். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்று அந்தப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வரப்பு மேல் ஒரு கால் வந்தது, அப்புறம் இன்னொரு கால். “தண்டனை இன்னா வேணா குடுங்க. கெழங்கு மீதி கீதா?”

என் வழக்கு

தனபாக்கியம் கொதித்தாளே, அந்த வரப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவள் மகன் ராமலிங்கம் பனங்குருத்தில் படகு செய்து, அது ஓடுவதற்காக வரப்பை வெட்டிவிட்டான். பக்கத்து வயல் மங்காத்தாளின் நாற்றங்கால் தண்ணீர் முழுக்க வடிந்து நாற்று வாடிப்போயிற்று. நீதான் வெட்டினாயா என்று அஞ்சலை கேட்டாள். அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, அவன்தான், வேறு யார், அந்த வீட்டு ஆம்பளைகளுக்கே அடுத்தவர் வரப்பென்றால் கை சும்மா இருக்காது என்றேன்.

ராமலிங்கத்துக்கு முகம் சிவந்துபோயிற்று. என்னைக் காட்டி, தன்னைக் கேட்டதற்கு அத்தை எப்படிப் பதில் சொல்லலாம் என்றான். அஞ்சலை யோசித்தாள். வெட்டிய வரப்பை அவன் போட வேண்டும், தானும் கூட நிற்பேன் என்றாள். நின்றாள், அன்றைக்குச் சாயங்காலமே. மண்ணை எப்படி மிதிப்பது, எப்படி அணைப்பது என்று காட்டிக் கொடுத்தாள். பெற்றவனுக்குத் தெரியாத வேலையைப் பிள்ளை கற்றுக்கொண்டான். ஆனால் சேற்றில் இறங்குவதற்கு முன்னால், வண்டியில் இருந்தபடியே என் பக்கம் திரும்பி அவள் சொன்னது: “அம்மா மேலயும் தப்புதான். அடுத்த வியாழக்கிழமை கோர்ட்டு ஆரம்பிச்சு முடியிற வரைக்கும் அம்மா பேசக் கூடாது. நானும் பேச மாட்டேன்.”

அந்த வியாழக்கிழமை

தனபாக்கியத்தின் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது, ஊரிலேயே நீளமான நாக்கு என் வாய்க்குள் மடங்கிக் கிடந்தது. அஞ்சலை வண்டி மேல் இருந்தாள். பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவர் கணக்கில் நான் சொன்னால் அவள் இறங்கிவிடுவாள், சொல்லாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். என் கணக்கு வேறு. வாயைத் திறந்தால் அவள் போட்ட தண்டனை பொய். அதற்கப்புறம் அவள் வண்டியில் இருந்தால் என்ன, இறங்கினால் என்ன. திறக்காவிட்டால், அவளும் பேசக் கூடாது, அவளுக்காகப் பேச அங்கே பெரியவர்கள் வேறு யாருமில்லை.

அவர் பேசிய பேச்சுக்கு என்னிடம் ஏழெட்டுப் பதில் இருந்தது, ஒவ்வொன்றும் முதல் தரம். கூலிக்காரன் பெண்ணுக்கு உசந்த இடமா என்றார். பாகூர் மேரிடமே, ஊர்த் தலைவரிடமே சொல்வேன் என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். படித்த பொம்பளை வாயடைத்துப் போனாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பி, எழுந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். சின்னான் கூரையைப் பார்த்தான். ஆறுமுகம் தங்கச்சி தலையில் பேன் தேடினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தன் மகனிடம் போய் நின்றார். ராமலிங்கம் தரையில் சம்மணம் போட்டு, நகத்தில் இருந்த சேற்றை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேசக் கூடாதென்று யாரும் தண்டனை போடவில்லை.

“டேய் ராமலிங்கம், நீயாச்சும் சொல்லுடா. அந்தப் பொண்ண எறங்கச் சொல்லு.”

ராமலிங்கம் அடுத்த நகத்தை நோண்டப் போனான்; அஞ்சலை வண்டி மேலேயே இருந்தாள், அவர் தனியாகத் திரும்பிப் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்து உருப்பட்ட ஒரே காரியம் அதுதான்.