பிரேக்கில் புகுந்த காற்று

மறுநாள் காலை பெரணமல்லூரில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அன்று மதியம், எங்கள் பழைய காரின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்த ரப்பரை நானே மாற்றி முடித்தேன். மெக்கானிக் செய்யும்போது பலமுறை பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான். ஆனால் பிரேக்கை மிதித்தால் கால் பஞ்சு மூட்டைக்குள் போவதுபோல் அடிவரை இறங்கியது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அதை வெளியேற்றாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் தெள்ளாரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"நாளைக்கு சாயந்திரம்தான் வருவேன்மா."

"அப்போ நானே ஏர் எடுத்துடறேன்."

"எடுங்க. தூரமா இருக்கிற சக்கரத்துலேர்ந்து ஆரம்பிங்க. மேல டப்பாவுல ஆயில் கொறயாம பாத்துக்குங்க."

இதற்கு இரண்டு பேர் வேண்டும். தறியில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் பட்டு நெய்கிறவர். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. டிரைவர் சீட்டில் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"நான் இன்னா பண்ணணும்?"

"நாலு தபா மிதிச்சிட்டு, அப்படியே அழுத்திப் புடிச்சிக்கங்க. நான் சொல்றவரைக்கும் காலை எடுக்கக் கூடாது."

இடப்பக்கப் பின்சக்கரத்தருகே உட்கார்ந்து, பிரேக்கில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டினேன். அதன் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருந்தது. அவர் மிதித்தார். ஸ்பானரால் நிப்பிளைத் திறந்தேன். ஆயிலோடு குமிழிகள் வந்தன. நான் மூடுவதற்குள், அதே குமிழிகள் திரும்பி உள்ளே ஓடின.

"காலை எடுத்தீங்களா?"

"மிதிச்சா எடுக்கணும் இல்ல?"

மறுபடி செய்தோம். மறுபடியும் எடுத்துவிட்டார்.

"தறி மிதிக்கிற காலு. தானா மேல வருது. நான் இன்னா பண்றது?" என்றார் பாவமாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, கால் கீழ இருக்கிறவரைக்கும் 'புடிச்சிகினு கீறேன்'னு வாயால சொல்லிகினே இருங்க."

"தெருவெல்லாம் கேக்கும்."

"கேக்கட்டும்."

அப்படியே சொன்னார், முதலில் முணுமுணுப்பாக, பிறகு உரக்க. எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "உங்க ஊட்டுக்காரர் இன்னாத்தப் புடிச்சிகினு கீறாரு?" என்று கேட்டாள். அவர் நிறுத்தவில்லை. அவர் குரல் இருக்கும்போதே நிப்பிளைத் திறந்தேன், குரல் இருக்கும்போதே மூடினேன். குமிழி நின்று வெறும் ஆயில் வந்தது. அடுத்து வலப்பக்கப் பின்சக்கரம், பிறகு முன்னால் இடம், கடைசியில் வலம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், பானெட்டுக்குள் இருந்த டப்பாவில் ஆயிலை நிரப்பிக்கொண்டேன்.

முடித்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். பெடல் பாதியிலேயே கல்போல் நின்றது. தெருவில் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் போட்டேன். ஒவ்வொரு முறையும் வண்டி நினைத்த இடத்தில் நின்றது.

மறுநாள் பெரணமல்லூர் போய்ச் சேர்ந்து தட்டை ஏந்தி நின்றபோது, பெண்ணின் அம்மா என் நகங்களில் படிந்திருந்த கறுப்பைக் கவனித்தார். மருதாணி சரியாகப் பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"கார் பிரேக்கு வேலை பாத்தேங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தம்பிக்கும் இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாதுங்க. உங்க பொண்ணு வரட்டும், ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லித் தர்றேன்."