நான் பூட்டிவைத்த சாவுக் கணக்கு

நான் பொய் சொன்னேன். யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லும் மரணப் பதிவேட்டை, ரகசியம் என்று சொல்லி ஒரு பெண்ணிடமிருந்து மறைத்தேன். யாரும் மறைக்கச் சொல்லவில்லை... நானேதான்!

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தலைமை கிளார்க் நான். கமலா பக்கத்து ரப்பர் தோட்டத்து மிஸ்ஸி. தாதியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். களைக்கு மருந்து அடிக்கும் பெண்கள் இளம் வயதிலேயே சாவதை அவள் கவனித்திருந்தாள். சாவுகளைக் காரணத்தோடு தொகுத்துச் சுகாதார இலாகாவுக்குக் கொடுத்தால் அந்த மருந்தை நிறுத்தலாம் என்று நம்பினாள். அவள் அக்காவும் மருந்து அடிப்பவள்.

"சார், ஃபாரம் குடுத்தா யாரும் பாக்கலாமாமே?"

பார்க்கலாம். ஃபாரம் என் இழுப்பறையிலேயே இருந்தது.

"ஆர் சொன்னது? உதெல்லாம் அரசாங்க ரகசியம், பிள்ளை. காட்ட ஏலாது."

ஏன் என்று கேட்கிறீர்களா? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, தகப்பன் வழியிலேயே அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தான் நான். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலிக்காரன் மகள் என் முன்னால் நின்று சட்டம் பேசுவதா! அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா...

அவள் விடாமல் வந்து கேட்டபோது, இறந்தவர்களின் அடையாள அட்டை எண்கள் வேண்டும் என்று அலைக்கழித்தேன். வீடு வீடாகப் போய், பெயர், எண், நோயின் அறிகுறி எல்லாம் எழுதி வந்தாள். அந்தத் தாள்களை வாங்கி, ரகசியக் கோப்புக்கு நாங்கள் குத்தும் 'சுலிட்' முத்திரையைக் குத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"சார், அது நான் எழுதுனது லா! என்கிட்ட வேற காப்பி இல்ல!"

"இப்ப அது அரசாங்கத்தின்ர."

அவள் அழுதாள். எனக்கு இனித்தது. ஆம், இனித்தது!

மறுவருடம் மீண்டும் வந்தாள். அக்காவின் மரணத்தைப் பதிய.

"காரணம்?"

"மருந்துதான் சார். மூச்சு முட்டிச் செத்துப்போச்சு."

"டாக்டர்ர கடிதம் இருக்கோ?"

இல்லை. லயத்து வீட்டிலேயே இறந்தவளுக்கு ஏது டாக்டர்? 'காய்ச்சல்' என்று எழுதிப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன். வாசித்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

திருத்தியிருக்கலாமே என்பீர்கள். ஓய்வு பெறும்வரை அந்தப் பதிவேடு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது... நான் திருத்தவில்லை. நாளை யார் ஆராய வந்தாலும், கமலாவின் அக்கா காய்ச்சலில் செத்தாள் என்றே எழுதிக்கொண்டு போவார்கள்.