புழு மேடமும் ஒரே ஒரு பெரியவரும்

மேடத்தின் இடது கை உயர்ந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. வலது கையில் ஊசி, கண்கள் நுண்ணோக்கியில், உதடுகள் ஓசையில்லாமல் அசைகின்றன. தட்டில் கிடக்கும் மண்புழுவின் உடல் வளையங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். வாசலில் வந்து நின்ற அலுவலக உதவியாளர், "மேடம், தலைவர் கூப்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஊசி நின்றுவிட்டது. "போச்சு. மறுபடியும் தலையிலேர்ந்து வரணும்." குரலில் கோபமில்லை. சொல்லப்போனால் ஒரு சின்ன நிம்மதி. இன்னொரு முறை எண்ணிப் பார்க்க ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதே.

விலங்கியல் ஆய்வகம் இருக்கும் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் புழு மேடம்தான். ஒடிசலான உடம்பு, எப்போதும் முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத, புழுக்களைப் பதப்படுத்தும் சாராயத்தின் நெடி. மழை விட்டதும் தெருவில் இறங்கினால் பார்வை தரையைவிட்டு எழும்பாது. அப்படி நடந்துபோய் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

புழுக்களை அஃறிணையில் பேசமாட்டார். "அது என்ன மேடம், புழுவுக்குப் போய் இவ்ளோ மரியாதை?" என்று துறைத் தலைவர் ஒருமுறை கிண்டலடித்தார். "சார், மண்புழு ஒவ்வொண்ணும் ஆணும்தான், பொண்ணும்தான். 'அவன்'னாலும் தப்பு, 'அவ'ன்னாலும் தப்பு. 'அவங்க'ன்னு சொல்லிட்டா வம்பே இல்ல பாருங்க." தலைவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சீசாக்களின் மூடி இறுகியிருக்கிறதா, சாராயம் வற்றி உள்ளே இருப்பவர் காய்ந்துபோய்விடுவாரா என்று விடுமுறை நாளிலும் வந்து பார்த்துவிட்டுப் போவார். வீட்டில் கூட இருப்பது மருத்துவமனைத் தாதியான அக்கா மட்டும். "எனக்கு ஐம்பது நோயாளி. ஒருத்தரும் உன் புழு அளவுக்கு என்னைப் படுத்தல" என்பார் அக்கா.

அந்தக் கவலைகளெல்லாம் ஒன்றுதிரண்டு வந்தது போல வந்தார் பெரியவர்.

மலைக்காட்டில் நல்ல மழைக்குப் பிறகு, மட்கிய மரத்துண்டு ஒன்றைப் புரட்டியபோது அகப்பட்டவர்கள் மூன்று பேர். கருநீல உடம்பு, விரல் பருமன், வெளிச்சம் பட்டால் மயில் கழுத்துப் போல மினுக்கு. இரண்டு பேர் குட்டிகள். ஒருவருக்கு மட்டும் கழுத்துக்குக் கீழே பருவம் வந்ததைக் காட்டும் தடித்த பட்டை இருந்தது. அவர்தான் பெரியவர். பக்கத்து மலையில் இதே சாயலில் ஓர் இனம் இருப்பதாகப் பழைய நூல்களில் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. உள்ளே, விந்தைச் சேமிக்கும் குட்டிப் பைகள் எந்த வளையத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பழைய இனத்துக்கு ஏழாவது வளையம். குட்டிகளுக்கு அந்தப் பைகளே முளைத்திருக்காது. ஆக, பெரியவரைத் திறந்தாக வேண்டும்.

திறந்து, பை ஏழில் இருந்துவிட்டால் புது இனமாவது ஒன்றாவது. அதுகூடப் பரவாயில்லை. கை நழுவி உள்ளே கிழிந்துவிட்டால்? இருப்பதோ ஒரே ஒரு பெரியவர்.

இன்னொரு பெரியவர் கிடைக்கட்டும் என்று, இவரைச் சாராயச் சீசாவிலேயே வைத்துத் தள்ளிப்போட்டார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மலையேறினார். வழிகாட்டி வந்த வனக்காவலர் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டார். எதிரே காடில்லை. சரிவு மொத்தமாகப் பெயர்ந்து கீழே போயிருந்தது. வேர்கள் வானத்தைப் பார்க்க மரங்கள் கிடந்தன.

"இங்கதான் மேடம் இருந்துச்சு" என்றார் காவலர்.

புழு மேடம் குனிந்து அந்தச் செம்மண்ணில் ஒரு பிடி அள்ளினார். பிறகு மெல்லக் கேட்டார். "சரியுறதுக்கு முன்னாடியே ஆழத்துக்குப் போயிருப்பாங்க இல்ல? மண்ணு அதிர்ந்தா அவங்களுக்குத் தெரியும்."

காவலர் அவர் முகத்தைப் பார்த்தார். "போயிருப்பாங்க மேடம்."

திரும்பி வந்த பிறகு சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் கத்தரியை எடுப்பார், அப்படியே வைத்துவிடுவார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு எனக்கு லீவு. வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"நீ பேசிக்கிட்டே இருப்ப."

"வாயே திறக்கமாட்டேன்."

திறந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில், மாத்திரை வேண்டாமென்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட கிழவரின் கதையை ஆரம்பித்துவிட்டார். இடது கை எழும்பவில்லை. கிழவர் கட்டிலுக்கடியில் இருக்கும்போதே, கத்தரியின் நுனி பெரியவரின் முதுகில், நடுக்கோட்டு ரத்தக்குழாயைத் தொடாமல் சற்று ஒதுங்கி, மெல்ல இறங்கியது. தோலை இரண்டு பக்கமும் விரித்துக் குண்டூசி குத்தினார். ஆறு. ஏழு. ஏழில் ஒன்றுமில்லை. எட்டில், அரிசிக் குருணை போல, பக்கத்துக்கொன்றாக இரண்டு பைகள்.

"அக்கா, நீ கொஞ்சம் எண்ணு."

அக்கா நுண்ணோக்கியில் குனிந்தார். "எட்டு."

"நல்லாப் பாத்தியா?"

"எட்டுடி!"

"நீ தப்பா எண்ணியிருப்பியோன்னு பயமா இருக்கு" என்றார். அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே கிழவரின் கதையை முடித்தார்.

கட்டுரை அச்சானது. புது இனத்துக்குத் தன் பெயரைச் சூட்டலாமே என்று தலைவர் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். இவருக்கு அது காதிலேயே விழவில்லை. இல்லாமல் போன அந்தச் சரிவின் பெயரையே வைத்தார். கட்டடத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அவர் மட்டும் நிம்மதியாக இல்லை. ஒருவேளை பெரியவர் பிறவியிலேயே கோணலாக இருந்திருந்தால்? மனிதர்களில்கூட இதயம் வலப்பக்கம் இருப்பவர்கள் உண்டே. ஒருவரை வைத்து ஓர் இனத்தையே எழுதியாகிவிட்டது.

இந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, வனக்காவலர் பிளாஸ்டிக் டப்பாவோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றார். முகமெல்லாம் பல். "சரிஞ்ச எடத்துக்குப் பக்கத்துல, ஓடைக்கு அந்தப்பக்கம் மேடம். இன்னும் நெறைய பேரு இருக்காங்க." ஈரமண்ணுக்குள் கருநீலம் நெளிந்தது. கழுத்துக்குக் கீழே தடித்த பட்டை. உயிருள்ள பெரியவர்.

குடையோடு அழைத்துப்போக வந்திருந்த அக்கா, காவலர் கிளம்பும் வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்துல விட்டுட்டு வாடி. பேரு வச்சாச்சு, அச்சும் ஆயிடுச்சு. இப்போ இதையும் வெட்டி, ஏழுன்னு வந்தா?"

"வந்தா, நான் எழுதுனது தப்புன்னு நானே எழுதணும்."

"யாரு கேக்கப்போறா?"

புழு மேடம் மேசை விளக்கைப் போட்டார். கத்தரியையும் மயக்க மருந்துத் தட்டையும் எடுத்து வைத்தார். உலர்ந்த உள்ளங்கையின் சூடு புழுவின் தோலுக்குத் தணல் மாதிரி. குழாயடிக்குப் போய், இரண்டு கைகளையும் குளிர்ந்த நீரில் நனைத்து, சில்லென்று ஆகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து டப்பாவைத் திறந்து, சொட்டும் கைகளைக் குவித்து, பெரியவரை எடுக்க மண்ணுக்குள் இறக்கினார்.