மிஷின் ரோசாக் ஆகவில்லை, தனா

ஞாயிற்றுக்கிழமை காலை, மாசாய் கடைத்தெருவில் ரொட்டி சானாய் வாங்க வரிசையில் நின்றபோது பார்வதி அழைத்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. ஆறு மணிக்கு." தனபாலனின் மனைவி அவர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை. தனாவை 'அவர்' என்று எழுதவும் கை வரவில்லை. முப்பது ஆண்டு ஒரே ஷிப்டில் நின்ற பழக்கம், மன்னியுங்கள்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் எங்களோடு ரசாயனத் தொட்டி கழுவியவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் பாதுகாப்பு மேற்பார்வையாளன். ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்கும் முன், உள்ளே என்னென்ன நடக்கும் என்று முழுக்கச் சொல்லிவிடுவான். "உள்ள இருட்டா இருக்கும். உன் மூச்சு உனக்கே சத்தமா கேக்கும். அது பேய் இல்ல, நீதான். நான் கயித்த இழுத்ததும் ஏறி வந்துரு." மேலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாலும் ஒரு வரி விடமாட்டான். "தெரிஞ்சி எறங்கறவன் வேலைய முடிச்சிட்டு வருவான், தெரியாம எறங்கறவன் பாதியில ஓடி வருவான்" என்பான். அவன் இறக்கிய ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பொந்தியானுக்குக் கல்யாணத்துக்குப் போனோம். வழியெல்லாம் அன்னாசித் தோட்டம். நான்கு தடவை ஒன்றுக்குப் போகக் காரை நிறுத்தச் சொன்னான். "பெக்கான் நானாஸ் அன்னாசிக்கெல்லாம் நீதான் தண்ணி ஊத்தறியா?" என்று கிண்டல் செய்தேன். அடுத்த மாதம் மருத்துவர் அவனுடைய புராஸ்டேட் சுரப்பியைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். அதை இரண்டு ஆண்டுக்கு முன்பே எடுத்தவன் நான். எனக்கு வெறும் வீக்கம், மாத்திரையோடு போயிற்று. உணவுக்கடையில் பழைய கூட்டாளிகள் சேர்ந்திருந்தபோது என்னைக் கேட்டான்: "நீ எடுத்தியே, அது எப்படி இருக்கும்?"

"ஒன்னுமில்ல லா. வயித்துல ஜெல்லி தடவி உருட்டுவாங்க. நெறைய தண்ணி குடிச்சிட்டுப் போ."

பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுக்கும் ஸ்கேனை அப்படியே சொல்லிவிட்டேன். எனக்குக் கருவியைப் பின்வழியாக விட்டார்கள் என்று அந்த மேசையில் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் சாகும்வரை அதை வைத்தே என்னை ஓட்டுவார்கள் என்று நினைத்தேன்.

அவன் மூன்று போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் கேட்டதற்கு, "மிஷின் ரோசாக். வேற தேதி குடுப்பாங்க" என்றான். பழுது என்பதற்கு நாம் சிறு வயதிலிருந்து சொல்லிவரும் மலாய்ச் சொல். பஸ் ரோசாக், லிஃப்ட் ரோசாக், யார் சந்தேகப்படுவார்கள்? மறுமாதமும் ரோசாக். அப்படியே எட்டு மாதம் ஓடிற்று. நான் அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்தவன். எட்டு மாதம் எந்த மருத்துவமனையில் மிஷினைப் பழுதாகவே போட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. கேட்கப் போனால் என் ஸ்கேனைப் பற்றியும் பேச்சு வரும் என்று தே தாரிக் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இடுப்பு வலியால் அவன் படுத்த படுக்கையான பிறகு பார்வதியே மருத்துவமனை கவுண்டரில் போய் விசாரித்தார். மிஷின் ஒருநாளும் பழுதாகவில்லை. நோயாளி எடுக்க மறுத்துப் போய்விட்டார் என்று பதிவில் இருந்தது. அதற்குள் புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது.

வார்டில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வெக்கத்துக்குப் பயந்து எவனாச்சும் உசிர விடுவானா?"

"வெக்கம் இல்லடா" என்றான். "கையெழுத்துப் போடற தாள்ல டுபூர்னு போட்டிருந்திச்சி." ஆசனவாய்க்கு மலாயில் எழுதும் சொல் அது. "உனக்கு வயித்துல பண்ணாங்க. எனக்குப் பின்னால பண்றாங்க. அப்போ எனக்கு முத்திப்போச்சின்னு நெனச்சிட்டேன். பயந்து எந்திரிச்சி வந்துட்டேன்."

"எனக்கும் அங்கதான்டா பண்ணாங்க" என்றேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினாறாம் நாள் பந்தியில், அன்று உணவுக்கடையில் எங்களோடு மேசையில் இருந்த ராமையா என்னை ஓரமாக இழுத்தார். "எனக்கும் அதே ஸ்கேனுக்குத் தேதி வந்திருக்குப்பா. வயித்துலதானே?" தனாவை அடக்கம் செய்தாகிவிட்டது, என் பொய் மட்டும் இன்னும் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது. நான் ஓரமாகப் பேசவில்லை. பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பெண்களும் இருந்தார்கள், இருக்கட்டும்.

"வயித்துல இல்லண்ணே, பின்னால. மொதல்ல கொடலைச் சுத்தம் பண்ண மருந்து குடுத்தாலும் குடுப்பாங்க. எடது பக்கமா படுத்து முட்டிய நெஞ்சுப் பக்கம் மடக்கச் சொல்லுவாங்க. வெரல் தடிப்புல ஒரு கருவி, உறை போட்டு ஜெல்லி தடவி மெதுவா விடுவாங்க. சில்லுன்னு இருக்கும். அழுத்தும். கக்கூசு வர்ற மாதிரி இருக்கும், வராது. பத்துப் பதினஞ்சு நிமிஷம். சதையில துணுக்கு எடுக்கறதா இருந்தா மரத்துப்போக ஊசி போடுவாங்க, டக்குனு ஸ்டேப்ளர் சத்தம் கேக்கும். கொஞ்ச நாளைக்கு ஒன்னுக்குல ரத்தம் வரலாம். காய்ச்சல் வந்திச்சின்னா வீட்டுல படுக்காதீங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ரத்தத்த எளக்கற மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுங்க. எல்லாருக்கும் இப்படித்தான் எடுப்பாங்க. எனக்கும் இப்படித்தான் எடுத்தாங்க. முத்தினவனுக்குன்னு தனி வழி கெடையாது."

அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பேச்சை மட்டும்தான், ஒளிக்காமல் முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிடுவது. அவன் இருக்கும்போதே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ராமையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான். தனாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.