கொக்கிளாயிலிருந்து நெடுங்கேணிக்கு ஒரு பெட்டி இறாலோடு

ஒட்டுசுட்டான் தாண்டி வான் வண்டி காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று நின்றுவிடும். திறந்த யன்னலால் செம்மண் புழுதியும் பச்சை இலை வாசமும் கலந்து வரும்... அன்றைக்கு அதோடு இன்னொரு வாசமும் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் முல்லைத்தீவில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சுதனும் அங்கேதான். நாங்கள் கொக்கிளாய்க் கடற்கரை வேதக்கார ஆட்கள், கத்தோலிக்கர். சுதன் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்து, நெடுங்கேணியில் வயல் செய்கிற சைவக் குடும்பம்.

சுதனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழுதார், பிறகு ஓய்ந்தார். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. ஒரு நாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"போய் ஆக்களைப் பாப்பம்."

அவ்வளவுதான்.

நல்ல காரியம் கதைக்க வெள்ளிக்கிழமைதான் நல்லது என்று சுதனின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வெள்ளி பௌர்ணமிப் போயா விடுமுறையும்கூட. அம்மாவுக்கு வான் ஓட்டம் ஒத்துவராது. அதனால் அப்பாவும் நானும், பக்கத்து வீட்டு அன்ரன் அண்ணாவின் பழைய வானில் புறப்பட்டோம்.

அப்போது அது கிரவல் றோட்டு. பள்ளத்துக்குப் பள்ளம் வான் ஆடும். வேகமாகப் போக முடியாததால் எல்லாம் கண்ணில் படும்... கிளைகள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டிருக்கும். மயில் ஒன்று றோட்டை விட்டு விலகாமல் எங்களுக்கு முன்னால் நடந்துபோனது. யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது.

ஒரு மரத்தடிப் பிள்ளையாரடியில் அன்ரன் அண்ணா வானை நிறுத்தி, காட்டு வழி போகிறவர்கள் செய்கிற மாதிரி ஒரு குழை முறித்து, அங்கே கட்டியிருந்த கொடியில் தொங்கவிட்டார். அவரும் வேதக்காரர்தான். அப்பா திரும்பிப் பார்க்க, அன்ரன் அண்ணா சிரித்தார்.

"காட்டுக்க எல்லாரும் கேக்கிறவரிட்ட நாங்களும் ஒருக்காக் கேப்பம், அண்ணை."

நானும் கால் ஆற இறங்கினேன். வானின் பின்கதவால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் மீன்காரர் ஐஸ் போடுகிற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி, ஐஸ், அதற்குள்ளே விரல் மொத்தத்தில் இறால்.

"அப்பா, இதென்ன?"

"விடியக் களப்பில வலையில பட்டது. வெறுங்கையோட ஒரு வீட்ட போறதே?"

"ஐயோ... இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

"வெள்ளிக்கிழமை எண்டபடியாத்தானே இறால். இறைச்சி வாங்கேல்லையே!"

"அவையள் வெள்ளியில மீனும் தொடமாட்டினம், அப்பா."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. எவ்வளவோ புயலைப் பார்த்த மனிசன், கூச்சத்தில் குறுகி நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். வானைத் திருப்பச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அன்ரன் அண்ணா மெல்ல, "காட்டுக்க கொட்டிவிடுவமோ?" என்றார்.

"கடல் தந்ததைக் கொட்டிறதோ? ஏறு வானில."

இரண்டு மூன்று வளைவு கடந்ததும், றோட்டோரம் ஒரு பெண் வாளியில் காட்டுப் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அப்பா வானை நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளை, நீங்கள் வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் சாப்பிடுவியளோ?"

அவள் சிரித்தேவிட்டாள். "மச்சம் கிடைச்சால் என்ன கிழமையெண்டு நாங்கள் பாக்கிறேல்லை, ஐயா."

இறால் பெட்டி அவளிடம் போனது. மஞ்சளாய் மினுங்கிய பழங்கள் வாளியோடு எங்களிடம் வந்தன. "வாளியைத் திரும்பி வரேக்க தாங்கோ" என்றாள்.

நெடுங்கேணியில் சுதனின் அம்மா வாளியை வாங்கிப் பார்த்தார். வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"எங்கட வளவுக்குப் பின்னால நிக்கிறதும் பாலை மரந்தான், அண்ணை!"

அப்பா நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு சுதனின் அப்பா கதிரையை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தார்.

"அப்ப ஞாயிறில வந்திருக்கலாமே."

"ஞாயிறு எங்களுக்குப் பூசை."

"செவ்வாயும் எங்களுக்குச் சைவம்... புதன்?"

"புதன் எண்டால் ரெண்டு பேருக்கும் சரி."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுதன் என்னைப் பார்த்தான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது வாளியைக் கொடுத்துவிட்டு, ஒரு குளக்கட்டில் நின்றோம். தாமரை முட்டிப்போய்க் கிடந்தது. அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சனம், பிள்ளை..."

"பிறகென்ன யோசிக்கிறியள்?"

"தூரம். உனக்கொரு காய்ச்சல் எண்டாலும் நான் வந்து சேர அரை நாள்."

மூன்று மாதமாக அப்பா யோசித்தது சமயத்தை இல்லை, இந்த றோட்டைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அதைக் காணாத மாதிரிக் குளத்தைக் காட்டி, "உதுக்குள்ள என்ன மீன், அன்ரன்?" என்று கேட்டார்.

கலியாணம் முடிந்த பிறகு மாதம் ஒருமுறை அப்பா பஸ் மாறி மாறி நெடுங்கேணியில் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்து தண்ணீர் குடித்ததும் வழியில் கண்டதெல்லாம் சொல்லுவார்... எந்தக் குளம் வற்றியது, எங்கே மான் நின்றது, எந்த மரம் விழுந்தது.

இப்போது தார் போட்ட கார்பெட் றோட்டு. அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. கடலுக்கும் போவதில்லை, பஸ்ஸும் ஏறுவதில்லை. நாங்கள்தான் போகிறோம். கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால், பிள்ளைகள் போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் கடல் வந்துவிடும்.

போன மாதம் போனபோது அப்பா முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"இவ்வளவு கெதியா வந்திட்டியளோ?"

"ஓம் அப்பா, றோட்டு நல்லாக் கிடக்கு."

சந்தோஷம்தான் அவருக்கு. நுரையைத் துடைத்துவிட்டு என் மகளைப் பக்கத்தில் இழுத்து, "வழியில என்னென்ன பாத்தனீங்கள், குஞ்சு?" என்று கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நானும் வழியில் எதையும் பார்த்திருக்கவில்லை.